அறுபதாம் கல்யாணத்துக்கு முன் வீட்டில் அடித்த டை சொதப்பினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மயிலாடுதுறைப் பக்கம் பார்லர் நடத்துகிறேன். திருக்கடையூர் அபிராமி கோயிலில் அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் செய்ய வெளியூரிலிருந்து வருகிற குடும்பங்கள் கோயிலுக்குப் பக்கத்திலேயே ரூம் போட்டுத் தங்குவார்கள். முதல் நாள் சாயங்காலம் போன் வரும். "அக்கா, அம்மாவுக்கு நாங்களே டை அடிச்சோம், என்னமோ ஆயிடுச்சு" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். திரும்பத் திரும்ப வருகிற அந்தக் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். அவசரமாகப் படிப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: தலையோ முகமோ அரித்தால், எரிந்தால், வீங்கினால் நிறத்தைப் பற்றிய கேள்விகளை எல்லாம் விட்டுவிட்டு நேராகக் கீழே வீக்கம் பற்றிய கேள்விக்குப் போங்கள்.

நேற்று ராத்திரி அடித்த டை கோரமாக வந்திருக்கிறது. நாளை மறுநாள் விழா. இப்போதே வேறு டை வாங்கி மேலே அடித்து மறைத்துவிடலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒன்றே ஒன்றுதான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்: டை சொதப்பிய அன்றைக்கே இன்னொரு டை கூடவே கூடாது.

காரணம் சொல்கிறேன். பெட்டியில் வருகிற டையில் இரண்டு பாகம் இருக்கும். ஒன்றில் நிறப்பொருளும் அமோனியாவும், அல்லது அமோனியா மாதிரி வேலை செய்கிற வேறு ஒன்றும் இருக்கும். இன்னொன்று டெவலப்பர், அதாவது ஹைட்ரஜன் பெராக்சைடு. ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி முடியின் வெளிப்புறம் செதில் செதிலாக ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும், அமோனியா அந்தச் செதில்களைத் தூக்கிவிடும், பெராக்சைடு உள்ளே போய் இருக்கிற நிறத்தைக் கொஞ்சம் வெளுக்கச் செய்து புது நிறத்தை அங்கேயே உருவாக்கும். இது நடந்த முடி அன்றைக்கு மிகவும் பலவீனமாக இருக்கும். அதன்மேல் மறுபடியும் அதே வேலையைச் செய்தால் நிறம் சரியாகிறதோ இல்லையோ, முடி நார் நாராகிவிடும். அதைவிட முக்கியம், டை ஒத்துக்கொள்ளாமல் போனால் அது பெரும்பாலும் உடனே தெரியாது, ஒரு நாள் கழித்தோ இரண்டு மூன்று நாள் கழித்தோதான் வெளியே வரும். நேற்று அடித்தது தோலுக்கு ஒத்துக்கொண்டதா என்பதே இன்னும் தெரியாத நிலையில் இன்னொன்றை ஏற்றினால் மணையில் உட்கார வேண்டிய நேரத்தில் ஆஸ்பத்திரியில் உட்கார நேரிடும்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது இவ்வளவுதான். வெதுவெதுப்பான நீரில், நிறம் இறங்குவது நிற்கும்வரை அலசுங்கள். காயவிட்டு, ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், ஏனென்றால் பாத்ரூம் டியூப்லைட்டில் எல்லா டையும் பேய் மாதிரிதான் தெரியும். பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள், டாக்டரோ பார்லர்காரரோ யாரிடம் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். பாதிப் பேருக்கு இதிலேயே பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. ஈரத்தில் பார்த்த நிறம் வேறு, காய்ந்தபின் நிற்கிற நிறம் வேறு.

பிரவுன் என்று போட்டிருந்த பெட்டிதான். ஆனால் கன்னங்கரேல் என்று வந்துவிட்டது, அம்மா முகமே மாறிவிட்டது. நிறத்தைக் குறைக்க முடியுமா?

கொஞ்சம் குறைக்கலாம். எவ்வளவு சீக்கிரம் செய்கிறீர்களோ அவ்வளவு நல்லது, முதல் இரண்டு மூன்று நாளில்தான் அதிகம் இறங்கும். தேங்காய் எண்ணெயை லேசாகச் சூடாக்கி முடி நீளம் முழுக்கத் தடவி ஒரு மணி நேரம் ஊறவிட்டுப் பொடுகு ஷாம்பு போட்டு அலசுங்கள். பொடுகு ஷாம்பு சாதாரண ஷாம்புவைவிடக் கொஞ்சம் அதிகமாக நிறத்தை இழுக்கும். அடுத்த நாள் இன்னொரு தடவை செய்யலாம். ஒவ்வொரு தடவையும் கண்டிஷனர் போடாமல் விடாதீர்கள்.

சமையல் சோடா, பாத்திரம் தேய்க்கிற லிக்விட், துணி சோப்பு, எலுமிச்சைச் சாறு, இதெல்லாம் யூடியூபில் பார்த்துவிட்டு வந்து கேட்கிறார்கள். எதுவும் வேண்டாம். எல்லாமே ஏற்கெனவே நொந்துபோன தலைத்தோலை இன்னும் நோகடிக்கும். எலுமிச்சைச் சாறு தோலில் பட்டு வெயிலில் போனால் கொப்புளம்கூட வரும்.

இன்னொன்றும் சொல்கிறேன். அறுபது வயதில் மொத்த முடியும் ஒரே கருப்பாக இருந்தால் முகச் சுருக்கங்கள் பளிச்சென்று தெரியும், அதனால்தான் அம்மா முகம் மாறினமாதிரி உங்களுக்குத் தோன்றுகிறது. நெற்றி ஓரத்து முடியை இறுக்கி வாரிவிடாமல் தளர்வாக விட்டு, தலை நிறையப் பூ வைத்தால் அந்தக் கருப்பு பாதி அடங்கிவிடும்.

பர்கண்டி போட்டோம். கருப்பு முடி அப்படியேதான் இருக்கிறது, நரைத்த இடம் மட்டும் ரோஸ் கலரில் மின்னுகிறது. ஏன் இப்படி?

எனக்கு வருகிற போன்களில் இதுதான் அதிகம். கருப்பு முடிக்குள் ஏற்கெனவே நிறமி நிறைய இருப்பதால் மேலே ஏறுகிற சிவப்பு தெரியாது. நரைமுடிக்குள் ஒன்றுமே இல்லை, அதனால் போட்ட நிறம் அப்படியே பளிச்சென்று நிற்கும். பெட்டியின் அட்டையில் இருக்கிற பெண்ணுக்கு நரை கிடையாது, அந்த நிறம் நமக்கு வரப்போவதும் இல்லை. பாதிக்கு மேல் நரைத்த தலைக்குச் சிவப்பு, பர்கண்டி, செம்பு நிறங்களை வீட்டில் தனியாகப் போடவே கூடாது என்பது என் கருத்து. பார்லரில் போடும்போதுகூட இயற்கை பிரவுனோடு கலந்துதான் போடுவோம்.

சரி, இப்போது என்ன செய்வது? விழாவுக்கு மூன்று நாளாவது இருந்து, அரிப்பு எரிச்சல் எதுவும் இல்லாமல் இருந்தால், அமோனியாவும் டெவலப்பரும் இல்லாத, முடியின் மேலே மட்டும் படிகிற வகை அடர் பிரவுன் நிறத்தை அந்த ரோஸ் இடங்களில் மட்டும் ஏற்றலாம். நல்ல பார்லரில் கேட்டால் செய்து தருவார்கள். அதற்கும் அடிப்பதற்கு முன் தோலில் வைத்துப் பார்ப்பது கட்டாயம். விழா நாளைக்கே என்றால் வகிட்டை மாற்றிப் பூவால் மறைப்பதுதான் வழி.

அப்பாவுக்கு மருதாணி போட்டோம். தலை பூராவும் ஆரஞ்சு.

பயப்படாதீர்கள், இது இருப்பதிலேயே சுலபமான சிக்கல். மருதாணியின் நிறம் முதல் நாள் ஆரஞ்சாகத்தான் இருக்கும், காற்றுப் பட்டு இரண்டு மூன்று நாளில் செம்பழுப்பாக இறங்கும். ஒன்றும் செய்யாமல் இருந்தாலே நிறைய மாறும்.

அதற்குமேலும் அடக்க வேண்டும் என்றால் அவுரி. நம்ம ஊர்ச் சமாச்சாரம்தான், திண்டிவனம் பக்கம் இன்றைக்கும் பயிர் செய்கிறார்கள், நாட்டு மருந்துக் கடையில் அவுரி இலைப் பொடி கிடைக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கலந்து, பத்து பதினைந்து நிமிடம் விட்டு, உடனே பூசிவிட வேண்டும். மருதாணி மாதிரி ராத்திரி முழுக்க ஊறவைத்தால் அவுரி செத்துவிடும், நிறம் பிடிக்காது. கொதிக்கிற தண்ணீரும் ஆகாது. மருதாணி ஏறிய முடியில் அரை மணி ஒரு மணி நேரம் வைத்தால் பிரவுன், இரண்டு மணி நேரம் வைத்தால் கருப்புக்குக் கிட்டத்தட்ட வரும். மூலிகை என்றாலும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, கையில் கொஞ்சம் வைத்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

கடையில் "கருப்பு மருதாணி" என்று விற்கிறதை மட்டும் இதற்கு வாங்காதீர்கள். மருதாணி இலை கருப்பு நிறம் தராது. பெரும்பாலும் அதில் இருப்பது பி.பி.டி., அதாவது பாராபினைலின்டைஅமின் என்கிற ரசாயன டைதான். பெயரைப் பார்த்து மூலிகை என்று நம்பிவிடாமல், பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிற பட்டியலைப் படியுங்கள்.

அவுரி போட்டு அலசினால் பச்சையாக இருக்கிறது!

இருக்கும். அவுரிக்கு முதல் நாள் பச்சை கலந்த நீலம் வருவது வழக்கம், ஒன்றிரண்டு நாளில் கருநீலமாகிக் கருப்பாக நிற்கும். அதுவரை ஷாம்பு போடாமல் இருங்கள். மருதாணி போடாமல் வெறும் நரைமுடியில் நேராக அவுரி போட்டிருந்தால் மட்டும் அந்த நீலப் பச்சை சாயல் போகாது. அப்போது மருதாணியை மேலே ஒரு மணி நேரம் வைத்து அலசினால் சமன் ஆகும்.

வேர்ப் பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு ஆரஞ்சாகவும் நுனி கருப்பாகவும் வந்திருக்கிறது. எங்கே தப்பு?

தலைச்சூடுதான் காரணம். தோலுக்குப் பக்கத்தில் இருக்கிற முடியில் டை வேகமாக வேலை செய்யும், அதுவும் சித்திரை வெயிலில் மின்விசிறி இல்லாத பாத்ரூமில் உட்கார்ந்து போட்டால் கேட்கவே வேண்டாம். நுனியில் ஏற்கெனவே பழைய டை இருந்தால் புது டை அதை வெளுக்க வைக்காது, மேலும் கருக்கத்தான் செய்யும். டெவலப்பர் எத்தனை வால்யூம் என்றும் பாருங்கள். 20 வால்யூம் என்றால் 6 சதவீதப் பெராக்சைடு, 40 வால்யூம் என்றால் 12 சதவீதம். தனியாக டெவலப்பர் வாங்கிக் கலப்பவர்களில் சிலர் "ஸ்ட்ராங்கா இருக்கட்டும்" என்று 40 வாங்கிவிடுகிறார்கள். நரையை மறைக்க 20 தாராளம்.

இதை வேரில் மட்டும் அடர் நிறம் ஏற்றிச் சரிசெய்யலாம், ஆனால் கோடு தெரியாமல் செய்வது வீட்டு வேலை இல்லை, கை பழகினவர்களிடம் போங்கள்.

பிளீச் போட்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தால்?

விழாவுக்கு முந்தின வாரத்தில் கூடாது. டை ஏறின கருப்பு முடியை பிளீச் செய்தால் வெள்ளையாகாது, செங்கல் நிறத்துக்குப் போய் நிற்கும், அப்புறம் அதை மறைக்க இன்னொரு டை. ஈரமாக இருக்கும்போது இழுத்தால் ரப்பர் போல நீண்டு அறுந்துபோகிற நிலைக்கு முடி வந்துவிட்டால் வெட்டுவதைத் தவிர வழியில்லை.

பல வருடமாக மலிவு மருதாணிப் பொடி போட்டுவந்த தலையென்றால் ஆபத்து இன்னும் கூடுதல். அந்தப் பொடிகள் சிலவற்றில் உலோக உப்புகள் கலந்திருக்கும், பெராக்சைடு பட்டதும் சூடேறி முடியைப் பொசுக்கும். சீப்பில் உதிர்ந்த முடியைக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு அதன்மேல் டெவலப்பர் ஊற்றி அரை மணி நேரம் பாருங்கள். கிண்ணம் சூடானால், நுரைத்தால், நிறம் விநோதமாக மாறினால் அந்தத் தலையில் டெவலப்பர் கலந்த எதுவுமே ஏறக் கூடாது.

நெற்றியிலும் காது மடலிலும் கருப்புக் கறை. எப்படிப் போகும்?

தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டுப் பஞ்சால் துடையுங்கள், அப்புறம் சோப்பு. ராத்திரி எண்ணெய் வைத்துவிட்டுக் காலையில் மறுபடி துடைத்தால் பெரும்பகுதி போயிருக்கும், மிச்சம் தோல் உதிர்வதோடு இரண்டு மூன்று நாளில் தானாகப் போகும். டூத்பேஸ்ட், நெயில் பாலிஷ் ரிமூவர், பிளீச்சிங் பவுடர் எதுவும் முகத்துக்குப் பக்கத்திலேயே வரக்கூடாது. தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. கறையைப் பவுடரால் மறைக்கலாம், புண்ணை மறைக்க முடியாது.

அப்பா மீசைக்கும் புருவத்துக்கும் சேர்த்து அடித்துவிட்டார்.

புருவத்தில் பட்ட டையை இந்த நிமிடமே கழுவச் சொல்லுங்கள். கண்ணுக்குள் போயிருந்தால் ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டுக் கண் டாக்டரிடம் போக வேண்டும், எரிச்சல் அடங்கிவிட்டது என்று சும்மா இருந்துவிடக் கூடாது. புருவத்துக்கும் இமைக்கும் போடக்கூடாது, போட்டால் பார்வை போகலாம் என்று நம் நாட்டில் விற்கிற டைப் பெட்டியிலேயே எச்சரிக்கை அச்சடித்திருப்பார்கள். மூக்குக் கண்ணாடி போடாமல் டை அடிப்பதால் அதை யாரும் படிப்பதில்லை.

மீசை விஷயம் அவ்வளவு பயங்கரமில்லை, ஆனால் உதட்டு மேல்தோல் மெல்லியது, டை ஒத்துக்காதவர்களுக்கு மேலுதடு வீங்கிவிடும். நிறம் மட்டும்தான் பிரச்சினை என்றால் ட்ரிம் செய்துவிடுங்கள், குட்டையான மீசையில் கருப்பு அவ்வளவு உறுத்தாது.

தலை அரிக்கிறது, காதோரம் சிவந்திருக்கிறது, காலையில் கண் இமை வீங்கியிருக்கிறது. சூட்டுக்கு இப்படி ஆகியிருக்குமா?

சூடு இல்லை, டை ஒத்துக்கொள்ளவில்லை. நான் மேலே சொன்ன பி.பி.டி.தான் பெரும்பாலும் காரணம். இத்தனை வருடமாக இதே டைதானே அடிக்கிறோம் என்பார்கள். இருபது வருடம் ஒன்றும் செய்யாதது இருபத்தோராவது வருடம் வீங்கவைக்கும், உடம்பு அந்தப் பொருளுக்கு எதிராகப் பழகிக்கொள்வது அப்படித்தான். "ஹெர்பல்", "ஆயுர்வேத" என்று பெட்டியில் இருந்தாலும் உள்ளே பி.பி.டி. இருக்கலாம்.

மிதமான ஷாம்பு போட்டு நிறையத் தண்ணீரில் அலசுங்கள். வீங்கின இடத்தில் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை ஒற்றலாம். மஞ்சள், வேப்பிலை, எலுமிச்சை, கற்றாழை என்று பூசிக்கொண்டே இருக்காதீர்கள். அன்றைக்கே தோல் டாக்டரிடம் போங்கள், மாத்திரையும் களிம்பும் கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் நன்றாகக் குறையும். சுகர், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், மெடிக்கலில் கேட்டு நீங்களாக மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். மூச்சு வாங்கினால், நாக்கோ உதடோ தொண்டையோ வீங்கினால், தலை சுற்றி விழப்போனால் 108க்கு அடியுங்கள், விழாவைப் பற்றி யோசிக்கிற நேரமில்லை அது.

இப்படி ஒரு முறை ஆனவர் இனிமேல் வாழ்க்கையில் எந்தக் கம்பெனியின் பி.பி.டி. டையும் தொடக்கூடாது. அடுத்த முறை முதல் தடவையைவிட மோசமாக வரலாம். பல்லுக்கோ வேறெதற்கோ மரத்துப்போக ஊசி போடும்போது, சல்பா வகைக் கிருமிக்கொல்லி மாத்திரை எழுதும்போது, டை அலர்ஜி இருக்கிறது என்று சொல்லிவையுங்கள். இவை சிலருக்குச் சேர்ந்தே ஒத்துக்காமல் போகும்.

கலசத் தண்ணீர் தலையில் ஊற்றும்போது டை ஓடி வழியுமா?

மற்ற விசேஷத்துக்கும் அறுபதாம் கல்யாணத்துக்கும் இதில்தான் பெரிய வித்தியாசம். ஹோமம் முடிந்ததும் கலசத்து நீரை அப்படியே தம்பதி தலையில் அபிஷேகம் செய்வார்கள், தெளிப்பது கிடையாது, ஊற்றுவதுதான். ஹோமப் புகையில் முன்பே வியர்த்திருக்கும். முதல் நாள் ராத்திரி அடித்த டை சரியாக அலசப்படாமல் இருந்தால் அந்தத் தண்ணீரோடு வெள்ளை வேட்டியில் கருப்புக் கோடாக இறங்கும்.

நரையை அவசரமாக மறைக்கிற ஸ்டிக், பவுடர், மஸ்காரா மாதிரி சமாச்சாரங்கள், சில வீடுகளில் கண்மையையே காதோரம் தடவிவிடுவார்கள், அதெல்லாம் அபிஷேகத்துக்கு முன்னால் வேண்டவே வேண்டாம், கண்ணுக்குள் வழியும். அபிஷேகம் முடிந்து தலை துவட்டி உடை மாற்றித் திருமாங்கல்யம் கட்டுவதற்கு முன் ஒரு சின்ன இடைவெளி கிடைக்கும், அப்போது தொட்டுவிடலாம்.

விழாவுக்கு முந்தின நாள் ஒரு சோதனை: தலையை நனைத்து, பழைய வெள்ளைத் துண்டால் ஒற்றிப் பாருங்கள். துண்டில் நிறம் பிடித்தால் இன்னும் இரண்டு முறை அலசுங்கள். எதற்கும் அபிஷேகத்தின்போது அடர் நிறச் சேலையும் சாதா வேட்டியும் கட்டிக்கொண்டு, பட்டை அதற்குப் பிறகு உடுத்தலாம். எப்படியும் ஈரத்துணியை மாற்றத்தான் போகிறீர்கள்.

விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும் என்கிறார்கள். டை போய்விடாதா?

எண்ணெயும் சீயக்காயும் சேர்ந்தால் புதிதாக ஏறின நிறம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், அதிலும் முடியின் மேலே மட்டும் படிகிற வகையும் அவுரியும் அதிகம் இறங்கும். பெரியவர்கள் மூன்று சொட்டு எண்ணெயை உச்சியில் வைத்து ஆசீர்வாதம் செய்வதோடு நிறுத்திக்கொண்டால் ஒன்றும் ஆகாது, பல வீடுகளில் இப்போது அப்படித்தான் செய்கிறார்கள். முழுக்கத் தேய்த்தே ஆகவேண்டிய வீடென்றால் அரப்பு, சீயக்காய் போட்டுத் தேய்க்காமல் மிதமான ஷாம்புவில் ஒரே அலசல் போதும்.

நெற்றித் தோல் சிவந்து உரிந்திருக்கிறது. விபூதி, குங்குமம் வைக்காமல் எப்படி?

குங்குமத்தைத் திருமாங்கல்யத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வகிட்டிலும் நெற்றியிலும் தோல் உரிந்திருந்தால் அங்கே எந்தப் பொடியும் படவேண்டாம், பதிலுக்கு ஸ்டிக்கர் பொட்டும் வேண்டாம், அதன் பசையே சிலர் தோலுக்கு ஆகாது. விபூதியைக் கையிலோ கழுத்திலோ இட்டுக்கொள்ளலாம். குருக்களிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொன்னால் அவரே பார்த்துச் செய்வார், இதற்கு யாரும் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

விழாவுக்கு டை அடித்துக்கொண்டு உட்காருவது தப்பா? சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

உங்கள் வீட்டு வாத்தியாரையோ குருக்களையோ கேட்டுக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும். சிலர் செவ்வாய் வெள்ளியிலும் அமாவாசையிலும் முடி வெட்டமாட்டார்கள், டையையும் அதோடு சேர்த்துத் தள்ளிப்போடுவார்கள்.

என் மனசில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். பார்லர் வைத்திருக்கிறவள் இதைச் சொல்லலாமா என்று யோசிக்கவில்லை. தமிழ் ஆண்டுகள் அறுபதும் ஒரு சுற்றுச் சுற்றி, பிறந்த வருடம் அதே பெயரோடு திரும்பி வருவதைத்தான் கொண்டாடுகிறோம். 1966 சித்திரையில் தொடங்கிய பராபவ வருடத்தில் பிறந்தவர்களுக்கு 2026 சித்திரையில் பராபவம் மறுபடி பிறக்கிறது. மார்க்கண்டேயனுக்காக எமனைத் தடுத்த சாமி முன்னால், ஆயுள் வேண்டி உட்காருகிற இடம் திருக்கடையூர். அங்கே நரையோடு உட்காருவதில் ஒரு குறைச்சலும் இல்லை. அழகாக வாரி, சுத்தமாக, எண்ணெய்ப் பளபளப்போடு இருக்கிற வெள்ளைத் தலையில் மல்லிகைச் சரம் இருந்தால் நான் டை அடிக்கச் சொல்லவே மாட்டேன். ஆசைப்பட்டால் அடியுங்கள், அது உங்கள் விருப்பம். ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்து, ஒத்துக்காத டையை அடித்துக்கொள்ளாதீர்கள், அவ்வளவுதான்.

அம்மா இந்தத் தலையோடு மணையில் உட்கார மாட்டேன் என்று அழுகிறார். டை அடித்துவிட்டது நான்தான். என்ன செய்ய?

முதலில் கண்ணாடியை அவர் கையிலிருந்து வாங்கி வையுங்கள். வகிடு நேராக இருந்தால் பக்கத்துக்கு மாற்றுங்கள், நிறம் மாறின இடம் பெரும்பாலும் வகிட்டோரம்தான் இருக்கும், பாதி மறைந்துவிடும். தாழ்வாகக் கொண்டை போட்டுச் சுற்றிலும் நெருக்கமாகக் கட்டின மல்லிகையை இரண்டு மூன்று சுற்று வையுங்கள். காதோரம் கனகாம்பரம் வைத்தால் ஆரஞ்சு, செம்பட்டை சாயல்கள் அதோடு கலந்துவிடும், இது எங்கள் பார்லரில் நிறையச் செய்வது. நெற்றிச்சுட்டி இருந்தால் முன்பக்கம் இன்னும் அடங்கும்.

போட்டோகிராபரிடமும் சொல்லுங்கள், தலைக்கு நேர் பின்னாலிருந்து லைட் அடிக்க வேண்டாம், பின்பக்க வெளிச்சத்தில்தான் டையின் சிவப்பு பற்றி எரியும். ஆல்பத்தில் நிறத்தைச் சரிசெய்வது அவர்களுக்குச் சின்ன வேலை. அப்புறம் உங்கள் அத்தை, பெரியம்மாக்களுக்கு மட்டும் முன்கூட்டியே போன் போட்டு, வந்ததும் வராததுமாகத் தலையைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இதைச் செய்த வீடுகளில் அம்மாக்கள் மேடையில் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மிச்சம் இருக்கிற டையை என்ன செய்வது?

கலந்துவைத்ததை ஒருபோதும் எடுத்து வைக்காதீர்கள், உடனே கொட்டிக் கிண்ணத்தைக் கழுவுங்கள். கலக்காத பாக்கெட்டுகளைப் பீரோவில் பூட்டுங்கள். விசேஷ வீட்டில் பிள்ளைகள் எல்லா அறைக்குள்ளும் ஓடுவார்கள். கருப்பு டை வயிற்றுக்குள் போனால் கழுத்தும் தொண்டையும் வீங்கி மூச்சு அடைக்கும், அப்புறம் சிறுநீரகம் பாதிக்கும், இதற்கென்று மாற்று மருந்தும் கிடையாது. யாராவது வாயில் வைத்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்க முயற்சி செய்யாமல் பெட்டியோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சொதப்பாமல் இருக்க எத்தனை நாள் முன்னால் அடிக்க வேண்டும்?

பிறந்த மாதம், ஜென்ம நட்சத்திரம் பார்த்துத்தான் நாள் குறிப்பார்கள், அதனால் தேதி உங்களுக்குப் பல மாதம் முன்பே தெரியும். விழாவுக்கு ஒரு வாரம் முன்னால் அடியுங்கள். அதற்கு 48 மணி நேரத்துக்கு முன் காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ பெட்டியில் சொன்னபடி கொஞ்சம் வைத்துப் பாருங்கள், அரிப்போ தடிப்போ வந்தால் அந்த டை அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கக்கூடாது. புது கம்பெனி, புது நிறம் எதையும் அந்த வாரத்தில் முயற்சி செய்ய வேண்டாம். சந்தேகம் இருந்தால் நினைத்த நிறத்தைவிட ஒரு படி வெளிர் நிறமாக எடுங்கள், வெளிர் நிறத்தை அப்புறம் கருக்க வைக்க முடியும், கருத்ததை இறக்குவதுதான் பாடு. நெற்றி ஓரம், காது, பின்கழுத்தில் முதலிலேயே தேங்காய் எண்ணெய் தடவிவிடுங்கள்.

விழா முடிந்துவிட்டது. இப்போது நிறத்தைச் சரிசெய்யலாமா?

தலையில் புண்ணோ உரிவோ இல்லையென்றால் இரண்டு வாரம் கழித்துச் செய்யலாம். அதுவரை வாரத்துக்கு இரண்டு தடவை எண்ணெய் வைத்து அலசி, கண்டிஷனர் போட்டு முடியைத் தேற்றுங்கள். அலர்ஜி வந்தவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள், அவர்களுக்கு டாக்டர் சொல்லும்வரை ஒன்றும் கிடையாது, பி.பி.டி. எப்போதுமே கிடையாது. பார்லருக்குப் போகும்போது முன்பு போட்ட டைப் பெட்டி, மருதாணிப் பொடி பாக்கெட், எப்போது போட்டீர்கள் என்ற தேதி மூன்றையும் கொண்டுபோங்கள். மருதாணி போட்டதைச் சொல்லாமல் மறைத்துவிடாதீர்கள், அது தெரியாமல் கலவை போட்டால்தான் முடி வீணாகிறது.